பிரிக்காத பூப்பொட்டலம்

வலது தோள்பட்டையில்தான் முதலில் வலித்தது. சுபானு வருஷம் புரட்டாசியில், மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த மாலை அது. மண்வெட்டி பிடித்த வலி என்று எண்ணி விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தேன். நோய் இருந்த இடம் வேறு. அது விலாவுக்குள்ளே, ஈரலில் இருந்தது. ஈரலில் கட்டி வந்தால் சிலருக்குத் தோளில் வலிக்கும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். நான் அதுவரை எந்தப் புத்தகத்திலும் அதைப் படித்ததில்லை.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். மழை தவறிய வருஷம், கிணறு வற்றிய மாசம், பெரியம்மை வந்த வாரம் என்று எதைக் கேட்கவும் ஊரார் என்னிடம்தான் வருவார்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவன் நான். இந்த நோய் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இன்னொன்றையும் சொல்லாமல் முடியாது என்று தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் தினமும் பொழுது சாயும் நேரத்தில் குளிர் கண்டு காய்ச்சல் வந்தது. விடியும்போது வேர்த்து விட்டுவிடும். நாமக்கல் டாக்டர் விலாவை அமுக்கிப் பார்த்து, "சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கத்தி வைக்க வேண்டி வந்தாலும் வரும்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு என் தகப்பனாரும் போனார். முதுகில் ராஜபிளவை என்னும் பெரிய கட்டி. வண்டியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே போனவர், முகத்தில் துணி மூடித் திரும்பினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தது என் தம்பி பழனியப்பன்தான், அப்போது அவனுக்கு மீசை கூட முளைக்கவில்லை.

என் மனைவி பாவாயி, "அம்மன்கிட்ட பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் இந்த வழக்கம் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். எந்த நிறம் வருகிறதோ அதுவே உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உடனே தலையாட்டினேன்.

பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, நெசமாவா? போன வருசம் நானு போறேன்னப்ப, கல்லுகிட்ட என்ன ரோசனை கேக்கறேன்னு சிரிச்சீங்களே?"

"உன் மனசு ஆறட்டுமேன்னுதான்" என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கிழமை போனோம். வீட்டிலேயே குணமாகும் என்றால் வெள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் சிவப்பு என்று வேண்டிக்கொண்டோம். பூசை செய்யும் பண்டாரம் தண்ணீர் சேந்தப் போயிருந்தார். பாவாயி வெளியே பொங்கலுக்கு அடுப்புக் கூட்டினாள். பூவரச இலையில் பொட்டலங்கள் மடித்து, வாழைநாரில் கட்டி வைத்தாயிற்று. பழனியின் மகள் குஞ்சாயி ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தாள். வெள்ளை.

பாவாயி அழுதாள். என் விலா வலி அந்த நிமிஷமே குறைந்தது போலிருந்தது. மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் நானே போடுவதாக வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தேன். வழியில் குளிர் கண்டது. அதோடு அதை மறந்துபோனேன்.

அதன்பின் கஷாயம், பத்தியம், வேப்பிலை. கார்த்திகை பிறந்தபோது என்னால் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஒரு காலையில் நினைவு தப்பியது. கண் விழித்தபோது வண்டியில் கிடந்தேன். பழனி மாட்டை விரட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?" என்றேன்.

"சேலத்துக்குங்கண்ணா."

"அம்மன் வேண்டாம்னு சொல்லியிருக்குதே."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மன்கிட்ட நான் பேசிக்கறேனுங்க. நீங்க பேசாம படுங்க."

நாமக்கல்லில் கரி பஸ் கிடைத்தது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். மேடு வந்த இடங்களில் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். என்னை மட்டும் இறக்கவில்லை. காலிப் பஸ்ஸில் புகைக்கு நடுவே தனியாகக் கிடந்தபோது, இப்படித்தான் தகப்பனாரும் திரும்பியிருப்பார் என்று தோன்றியது.

சேலத்தில் டாக்டர் என் விலாவின் மேல் இடது கையை வைத்து, வலது நடுவிரலால் அந்தக் கையைத் தட்டினார். காற்றுள்ள இடம் பானை போல ஒலிக்கும், கெட்டியான இடம் மந்தமாக ஒலிக்கும். அப்படித் தட்டித் தட்டி ஈரல் எதுவரை வீங்கியிருக்கிறது என்று மையால் என் தோலில் கோடு போட்டார். யாரோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பது போலிருந்தது.

"முன்னாடி எப்பவாச்சும் சீதபேதி வந்துச்சா?" என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. அதை உண்டாக்கும் கிருமிக்கு அமீபா என்று பெயராம். குடலிலிருந்து ரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய், அங்கே சத்தமில்லாமல் குடியிருந்து, சதையைக் கரைத்துச் சீழாக்கிவிடும் என்றார்.

"இவ்வளவு நாள் ஏன் வரலே?"

"சாமி உத்தரவு கிடைக்கலீங்க" என்றேன். டாக்டர் என்னை விட்டுப் பழனியைப் பார்த்தார். பழனி தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மனசில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊசி குத்தினார்கள். சாக்குத் தைக்கும் ஊசி அளவு இருந்தது. தோலை மரக்க வைத்துவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே செலுத்தி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கருப்பட்டிப் பாகு நிறத்தில் கெட்டியாக வந்தது சீழ். ஒரு எனாமல் கிண்ணம் நிரம்பியது. இவ்வளவையும் சுமந்துகொண்டு வீட்டிலேயே குணமாகும் என்று நான் இருந்திருக்கிறேன்.

பிறகு எமிட்டின் ஊசி. கிருமியைக் கொல்லும், ஆனால் இருதயத்தையும் தளர்த்தும். ஆகவே எழுந்து உட்காரக் கூடாது, தலையைக்கூட அதிகம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த மருந்து ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. பழனி செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் அயோத்தியாப்பட்டணத்தில் யாரிடமோ இருப்பதாகக் கேட்டு நடந்தே போய், துண்டில் சுற்றி எடுத்து வந்தான்.

"என்ன விலைடா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கண்ணா? மருந்து கெடச்சுதே, அதப் பாருங்க."

எதிர்ச் சத்திரத்தில் அவனே கஞ்சி காய்ச்சி எடுத்து வருவான். சூடு பார்க்க ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பான். இரவெல்லாம் வராந்தாவில் சாக்கு விரித்துக் கிடப்பான். நான் இருமினால் வாசலில் அவன் தலை தெரியும்.

எனக்கு இடப்புறக் கட்டிலில் ஓமலூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் இருந்தார். கழுத்தைச் சுற்றி எப்போதும் துண்டு. பகலெல்லாம் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார். மாலையில் மட்டும் என் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

சீழ் எடுத்தும் மாலைக் காய்ச்சல் உடனே நிற்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம். ஆயா லாந்தரைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வெளியே தூங்குமூஞ்சி மரத்திலிருந்து வௌவால்கள் கிளம்பும். அப்போதுதான் முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டேன். இடப்பக்கத்திலிருந்து, வறண்ட தொண்டையில், அவசரமே இல்லாமல் வந்தது.

"ரெண்டும் வெள்ளை."

திரும்பினேன். தரகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் சொன்னீங்களா?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மாலையும் அதே நேரம், அதே சொற்கள். அதற்கு மறுநாள், "ரெண்டும் வெள்ளைதான், ஆருக்கும் தெரியாது" என்று கொஞ்சம் நீண்டது. எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. மாடுகளைச் சொல்கிறார் போலும், தரகருக்குக் காய்ச்சலில் மாட்டு நினைப்பு என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பொழுது சாயத் தொடங்கினாலே என் கை கால் சில்லிட்டது. போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்வேன். அது காதுக்குள்ளேயே வந்து சொல்வது போலிருக்கும்.

அந்த வாரம் புதன்கிழமை பாவாயி ஊரிலிருந்து வந்தாள். குளிருக்கு ஆகும் என்று என் கோட்டைக் கொண்டு வந்து உதறினாள். பையிலிருந்து பொட்டலம் விழுந்தது. இலை கருகிச் சுருண்டிருந்தது. நார் மட்டும் கட்டு அவிழாமல் இருந்தது.

"அய்யோ, இதக் கெணத்துல போடலீங்களா?" என்று வாயில் கையை வைத்தாள்.

"பிரி" என்றேன்.

"பிரிக்கக் கூடாதுங்க."

"பிரிடீ."

பிரித்தாள். பூக்கள் வாடிப் பழுப்பேறியிருந்தன. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. செவ்வரளி காய்ந்தால் கருஞ்சிவப்பாகும். இவை வெள்ளை.

இடப்பக்கம் பார்த்தேன். தரகர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். இந்த மனுஷருக்கு இது எப்படித் தெரிந்தது? அம்மனே அவர் வாயில் வந்து சொல்லியிருக்கிறாள் என்று, கல் என்று சிரித்த நான், அந்த நிமிஷம் நம்பினேன்.

யார் செய்தது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. பூப் பறித்து வந்தவன் பழனி. கண்ணை மூடினால் இரண்டு கைகள் தெரிந்தன. பூவரச இலையை மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி, நாரை இரண்டு சுற்றுச் சுற்றும் கைகள். முகம் தெரியவில்லை. முகம் வேண்டியதில்லை என்று நினைத்தேன். எனக்குப் பிள்ளையில்லை. நான் போனால் காடு முழுவதும் அவனுக்கு. பிறகு ஏன் வண்டியில் போட்டுக் கொண்டு வந்தான்? ஊர் வாய்க்குப் பயந்து, காலம் கடந்தபின் கொண்டு வந்தான். கஞ்சியை ஏன் குடித்துக் காட்டுகிறான்? நான் சந்தேகப்படக் கூடாதென்று. மருந்தின் விலையை ஏன் சொல்லவில்லை? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவ்வளவு சுத்தமாக எல்லாம் பொருந்தியதே தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

பாவாயி மட்டும், "அவரு அப்பிடிச் செய்வாருங்களா? எனக்கு மனசு ஒப்பலீங்க" என்றாள். "உனக்கென்ன தெரியும்" என்று அடக்கினேன்.

வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் நாச்சிமுத்து பார்க்க வந்தபோது சொல்லிவிட்டேன். பழனியைக் கண்டாலே ஆகாது அவருக்கு.

"நானு அன்னைக்கே சொல்லல, மாப்ள? கூடவே இருந்து குழி பறிக்கற ஆளு அது. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" அவர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. "ஞாயித்துக்கெழமை பெரிய மனுசங்களக் கூட்டிட்டு வாரேன். நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். பொண்டாட்டி புள்ளையோட அதே கோயல்ல நிறுத்திச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றேன். அப்பறம் பாகத்தப் பிரிச்சு உட்டரலாம்."

எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கடைசிச் சத்தியம். அப்படி நிறுத்தப்பட்டவன் குற்றமில்லாதவன் ஆனாலும் பிறகு அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். குஞ்சாயி ஞாபகம் வந்தது. வந்தும் "சரி" என்றேன்.

சனிக்கிழமை மாலை குரல் மிக அருகில் கேட்டது. "ரெண்டும் வெள்ளைதான். நாந்தான் பாத்துப் பாத்து எடுத்தேன்." கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"அந்த ஆளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்க. தினமும் இதே நேரத்தில் பேசுகிறார்" என்றேன்.

"யாரு?"

"இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்."

நர்ஸ் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "அவரு எப்பிடிய்யா பேசுவாரு? தொண்டைக்குள்ள கட்டி. மூச்சு விடறதுக்குக் கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருக்கு. இங்க வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசறது நீங்கதான். காய்ச்சல் ஏறினா ஆரம்பிச்சுடறீங்க. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வெள்ளைன்னு வார்டு பூராவும் கேக்குது. அவருக்குத்தான் தூக்கம் போகுது, பாவம்."

தரகர் கழுத்துத் துண்டை மெல்ல விலக்கிக் காட்டினார். வெள்ளி நிறத்தில் சிறு வளைவுக் குழாய். அதன் வாயில் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் காய்ச்சல் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். பொடி மடித்த காகிதம் என் கையிலேயே இருந்தது. எமிட்டின் ஊசியால் இருதயம் படபடப்பது உண்டு. ஆனால் அன்று அடித்துக்கொண்டது அதனால் அல்ல. நான் அந்தச் சொற்களை முதலில் கேட்டது பொட்டலம் பிரிவதற்கு முன்னால். பிரிக்காத பொட்டலத்துக்குள் வெள்ளை இருப்பதை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். மடித்தவன்.

கீழே பார்த்தேன். என் கை அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தது. ஒரு முனையை உள்ளே செருகியது. கட்டை விரல் அதை நீவிவிட்டது. நாள்தோறும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த அதே கை. தரகரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழனி ஒரு தட்டில் இரண்டு நிறப் பூவும் கொண்டு வந்து வைத்துவிட்டு மாடு கட்டப் போனான். தட்டு என் முன்னால் இருந்தது. செவ்வரளியை வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டேன். கை செய்தது, நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். அப்போது நான் யோசித்தது முகத்தில் துணி மூடி வந்த தகப்பனாரை. பயந்தவன் என்று யாரும் சொல்லக் கூடாது, நான் உட்பட. அதற்கு நம்பாத சாமியைக் கூப்பிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள், அம்மன் சொன்னாள் என்பது எனக்கு நிஜமாகிவிட்டது.

அன்று இரவு விடியும்வரை இன்னொரு யோசனையும் என்னோடு இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? தரகரால் சொல்ல முடியாது. நர்ஸுக்கு அர்த்தம் தெரியாது. வராந்தாவில் பழனி இருமிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து இரண்டு பெரியவர்களோடு வந்தார். மடியில் சூடப் பொட்டலம் வைத்திருந்தார். பழனி கஞ்சிச் செம்போடு நின்றான். ஒறம்பரைச் சொந்தங்கள் கூடியிருப்பதைப் பார்த்து, "என்னங்க எல்லாரும் சேந்து? அண்ணனுக்கு ஏதாச்சும் சொன்னாங்களா டாக்டரு?" என்று பதறினான்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் நாச்சிமுத்து.

"பூவை மடித்தது நான்" என்றேன். "இரண்டிலும் வெள்ளையை வைத்தது நான். ஆஸ்பத்திரிக்குப் பயந்துகொண்டு செய்தேன். பழனி மேல் சொன்னதெல்லாம் பொய்."

நாச்சிமுத்து குனிந்து, "ஜொரத்துல ஒளறாதீங்க" என்றார்.

"காய்ச்சல் காலையிலேயே விட்டுவிட்டது. நர்ஸைக் கேளுங்கள்."

பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுக்காகவா கரி பஸ்ஸத் தள்ளிக்கிட்டு வந்தோம்? ஏப்பா நாச்சிமுத்து, அந்தச் சூடத்த ஊட்டுக்குக் கொண்டு போயி உன்ற சாமிக்கே பத்த வை." பாவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் பழனி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மடிச்சத நானு பாத்தனுங்கண்ணா" என்றான்.

"பார்த்தாயா? அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"அம்மன் முன்னால உங்களப் பொய்யனாக்கக் கூடாதுன்னு இருந்தேன். இத்தன நாளு அப்பிடித்தான் எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன்." செம்பைக் கீழே வைத்தான். "நெசம் அதில்லீங்க. நீங்க சிவப்ப எடுத்து மறைச்சப்ப, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா காடு பூராவும் எனக்குன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்தது தெரியாம போயிருச்சு. ஆனா வந்துச்சுங்கண்ணா. அதனாலதான் அன்னைக்கு வண்டிய அப்பிடி வெரட்டினேன்."

அதைக் கேட்டபோது எனக்குள் எழுந்ததையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாயிருந்தது. நான் சந்தேகப்பட்டது முழுப் பொய்யில்லை என்ற சந்தோஷம். இரண்டாவது கணம்தான் அவன் கையைப் பிடித்தேன். வரிசை அதுதான். மாற்றி எழுத ஆசையாக இருக்கிறது.

மார்கழி நடுவில் என்னை அனுப்பினார்கள். கிளம்பும்போது தரகரிடம் போனேன். அவர் என் வலது கையை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பக் கொடுப்பது போலக் கொடுத்தார். தை மாதம் அவர் தவறிவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எமிட்டின் வாங்கப் பழனி தன் காளை ஒன்றை விற்றிருந்தான் என்பதையும் ஊருக்கு வந்தபின்தான் அறிந்தேன்.

மாசியில் ஒருநாள் பழனி, "பாகம் பிரிச்சுக்கலாமா, சேந்தே இருக்கலாமான்னு அம்மன்கிட்டயே கேட்டுப்போடலாமுங்கண்ணா" என்றான். நம்பிக்கை இல்லாவிட்டாலும் போனேன். சேர்ந்திருக்க வெள்ளை, பிரியச் சிவப்பு.

பண்டாரம் தட்டை என்னிடம் நீட்டினார். "நீயே மடி" என்று பழனியிடம் சொன்னேன். அவன் பின்வாங்கினான். கடைசியில் நான் ஒன்று மடித்தேன், அவன் ஒன்று மடித்தான். அவன் என் கையையும் நான் அவன் கையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். குஞ்சாயி ஓடிப்போய் எடுத்தாள். வெள்ளை வந்தது. பாவாயி குலவையிட்டாள்.

மற்றப் பொட்டலம் தரையில் கிடந்தது. நான் அதை எடுத்து நாரை அவிழ்த்தேன்.

"பிரிக்கக் கூடாதுங்க சாமி! தெய்வ குத்தம்!" என்று பண்டாரம் கத்தினார்.

பிரித்தேன். செவ்வரளி. விரித்த உள்ளங்கையில் வைத்துப் பழனியிடம் காட்டினேன். அவன் குனிந்து, விரலால் ஒவ்வொரு பூவையும் புரட்டிப் பார்த்தான்.

"நீங்க பிரிக்கலீன்னா நானு பிரிச்சிருப்பனுங்கண்ணா" என்றான்.